ஈபி கம்பத்துக் கறுப்பு ஒயரில் யாருக்கு என்ன தெரியும்?

மதுரை மேல மாசி வீதியிலோ டவுன்ஹால் ரோட்டிலோ நின்று அண்ணாந்து பார்த்தால், ஈபி கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு ஒயர் சுருள் சுருளாகத் தொங்கும். அதில் ஏதோ ஒன்று உங்கள் வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுபோகிறது. அந்த ஒயரைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டு. "கவர்மெண்ட்டு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கு, நாம என்னத்தப் பண்றது" என்பது ஒரு கட்சி. "விபிஎன் போட்டுட்டா ஒரு பய கண்டுபிடிக்க முடியாதுண்ணே" என்பது எதிர்க்கட்சி. (விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, இன்னொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை.) இரண்டிலும் பாதிதான் உண்மை. முதல் கட்சிக்காரர் வீட்டு மோடத்துக்கு இன்னமும் 'அட்மின், அட்மின்' என்றே பாஸ்வேர்டு இருக்கும். இரண்டாம் கட்சிக்காரர் விபிஎன்னுக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, ஆதார் பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்.

கம்பத்தில் தொங்கும் சின்ன டப்பாவுக்குள் இருப்பது ஸ்ப்ளிட்டர். கேபிள்காரர் அறையில் உள்ள ஓஎல்டி என்கிற தலைமைப் பெட்டியின் ஒரு செருகுவாயிலிருந்து வரும் ஒளியை அது 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கு போடுகிறது. ஜிபான் என்கிற இந்த ஒளியிழை முறையில் கீழே இறங்கி வரும் 1490 நானோமீட்டர் ஒளி அத்தனை வீட்டுக்கும் ஒரே மாதிரிதான் போய்ச் சேரும். தன் பங்கை மட்டும் உங்கள் மோடம் பொறுக்கிக்கொள்ளும். அப்படியானால் பக்கத்து வீட்டு மோடமும் உங்கள் பங்கைப் பார்க்கலாமே என்றால், அதற்குத்தான் ஏஇஎஸ்-128 என்கிற குறியாக்கப் பூட்டு. அதைப் போடுவது ஓஎல்டி வைத்திருப்பவர் கையில். அவர் போட மறந்தாலும் பெரிய மோசமில்லை. வங்கி, வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் தனித்தனியாக ஏற்கெனவே பூட்டப்பட்டே வருகின்றன. நீங்கள் மேலே அனுப்பும் 1310 நானோமீட்டர் ஒளி அடுத்த வீட்டுப் பக்கம் திரும்புவதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிடலாம்.

கேபிள்காரரும் அவருக்கு மேலே உள்ள நிறுவனமும் வேறு கணக்கு. தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் மாதிரி அவர்கள். நீங்கள் எத்தனை மணிக்கு வெளியே போனீர்கள், எந்தப் பக்கம் போனீர்கள், திரும்பும்போது பை எவ்வளவு கனமாக இருந்தது என்பதெல்லாம் தெரியும். பைக்குள் என்ன என்று தெரியாது. 'எந்தப் பக்கம்' என்பது இரண்டு வழியில் வெளியே தெரிகிறது. ஒன்று டிஎன்எஸ்: தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்கும் கேள்வி. வழக்கமாக இது 53ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது ஒரே முகவரிக்குள் இணைப்புகளைப் பிரிக்கும் வாசல் எண்) பூட்டே இல்லாமல் போகும். மற்றது எஸ்என்ஐ: தளத்தோடு பூட்டிய பேச்சைத் தொடங்கும்போது, முதல் வரியிலேயே தளத்தின் பெயரை உலாவி பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. தடை செய்யப்பட்ட தளங்கள் சில இணைப்புகளில் மட்டும் திறப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு நிறுவனம் டிஎன்எஸ்ஸில் மட்டும் தடுக்கும், இன்னொன்று எஸ்என்ஐ பார்த்து வெட்டும்.

டிஎன்எஸ் ஓட்டையை அடைப்பது எளிது. ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கும். அதில் குவாட்9, கிளவுட்ஃப்ளேர், கூகுள் ஆகியவற்றில் ஒன்றின் பெயரைக் கொடுக்க வேண்டும். 9.9.9.9 மாதிரி எண்ணைக் கொடுத்தால் ஏற்காது. 853ஆம் போர்ட்டில் சான்றிதழைச் சரிபார்க்க அதற்குப் பெயர்தான் வேண்டும். பெயரில் ஒரு எழுத்து பிசகினால் நெட்டே வராது, ஆட்கள் கேபிள்காரரைத் திட்டுவார்கள். இன்னொரு சிக்கல், ரயில் நிலையம், ஓட்டல் வைஃபைகளில் ஓடிபி கேட்கும் பக்கம் திறக்காமல் அடம்பிடிப்பது. அங்கே மட்டும் 'ஆட்டோமேடிக்' ஆக்கி, உள்ளே போன பிறகு பழையபடி மாற்றிக்கொள்ளலாம். இதனால் டிஎன்எஸ் வழியாகக் கேபிள்காரருக்குத் தெரிந்தது இனி கூகுளுக்கோ குவாட்9க்கோ தெரியும். ரகசியம் கை மாறுகிறது, அவ்வளவே. கேபிள்காரரை விட அவர்களை நம்புகிறீர்களா என்பது உங்கள் பாடு.

அரசு, அந்தரங்கம் என்று பேசும்போது எல்லோரும் ஒட்டுக்கேட்பைப் பற்றியே பேசுகிறார்கள். உண்மையில் அன்றாடம் புழங்குவது ஐபிடிஆர் என்கிற இணைய இணைப்புப் பதிவேடு. அது எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வேன் ஐபி' என்று ஒரு எண் இருக்கும்; நிறுவனம் உங்கள் மோடத்துக்குக் கொடுத்த முகவரி அது. அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். ஐபிவி4 என்கிற பழைய வகை இணைய முகவரிகள் பற்றாமல் போனதால், ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் ஏற்பாடு அது. 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய எண் தொகுதி அது. 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். கே.கே. நகரில் ஒரு வீடும் ஒத்தக்கடையில் ஒரு வீடும் வெளியுலகத்துக்கு ஒரே ஐபியாகத் தெரியலாம். யார் எது என்று பிரிப்பது போர்ட் எண்தான். அதனால் நிறுவனம் ஒவ்வொரு இணைப்புக்கும் உள் முகவரி, வெளி முகவரி, வெளி போர்ட், போய்ச் சேர்ந்த முகவரி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது. முன்பு இதை ஓராண்டு வைத்திருந்தால் போதும். 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனையைத் திருத்தி, குறைந்தது இரண்டாண்டு என்று ஆக்கியது. நீங்கள் எந்தத் தளத்தில் என்ன படித்தீர்கள் என்பது அதில் இல்லை. நள்ளிரவு 12.40க்கு எந்த முகவரியோடு எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்பது இருக்கிறது. ஒருவரின் வாழ்க்கையை ஊகிக்க இது தாராளம்.

தவறு நடப்பதும் இந்தப் பதிவேட்டில்தான். விசாரணைக்கு ஐபி மட்டும் கிடைத்து போர்ட் கிடைக்கவில்லை என்றால், அந்த நேரத்தில் அந்த ஐபிக்குப் பின்னால் இருந்த வீடுகள் எல்லாம் பட்டியலில் வரும். 2011லேயே இணையத் தரநிலைக் குழு, சர்வர் வைத்திருப்பவர்கள் போர்ட்டையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள் என்று எழுதிவைத்துவிட்டது. இன்னும் செய்யாத தளங்கள் ஏராளம். அடுத்தது நேரம். வெளிநாட்டு சர்வரின் பதிவு பெரும்பாலும் யூடிசி என்கிற உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும். அதில் 12ஆம் தேதி 18:40 என்றால் நமக்கு 13ஆம் தேதி அதிகாலை 12:10. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால், அந்த நேரத்தில் அந்த ஐபி வேறு யாரோ ஒருவர் வீட்டில் இருந்திருக்கும். இது கற்பனை பயமில்லை. 2007இல் பெங்களூரைச் சேர்ந்த மென்பொருள் பணியாளர் ஒருவர், இணைய நிறுவனம் ஐபி விவரத்தைத் தவறாகக் கொடுத்ததால், செய்யாத குற்றத்துக்கு 50 நாள் சிறையில் இருந்தார். அப்படி ஒரு நோட்டீஸ் யாருக்காவது வந்தால், வக்கீலிடம் போன உடனே கேட்கச் சொல்ல வேண்டிய கேள்விகள் மூன்று: போர்ட் எண் என்ன, நேரம் எந்த மண்டலக் கணக்கு, நிறுவனம் கொடுத்த பதிவின் மூல நகல் எங்கே.

செல்போனிலும் இதே மாதிரி 'டவர் டம்ப்' உண்டு. ஒரு டவரில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இருந்த எண்கள் அத்தனையையும் வாங்குவது. அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் கோரிப்பாளையம் டவருக்கு ஒரு டம்ப் எடுத்தால் எத்தனை லட்சம் பேர் பட்டியலில் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒட்டுக்கேட்பு வேறு. பேச்சையோ செய்தியையோ இடைமறிக்க மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலரின் உத்தரவு வேண்டும். ஒரு உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் 180 நாளுக்கு மேல் போகக் கூடாது, மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் இருந்த ஏற்பாடு, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்கும் 2024 டிசம்பர் விதிகளுக்கும் மாறியிருக்கிறது. கட்டமைப்பு ஏறக்குறைய பழையதுதான். இந்த வேலிக்கும் மதிப்பு இருக்கிறது. 2011இல் போட்ட ஒரு ஒட்டுக்கேட்பு உத்தரவை 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக் காரணமோ இல்லாமல், சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னதன் தொடர்ச்சி இது. ஆனால் பதிவேட்டுக்கு உள்துறைச் செயலர் கையெழுத்து வேண்டாம். என்னைக் கேட்டால், கூச்சல் போட வேண்டிய இடம் அதுதான்; செய்தியில் அது வருவதே இல்லை.

சரி, விபிஎன்? போட்டால் ஐபிடிஆரில் உங்கள் வரிசை முழுக்க ஒரே முகவரி, விபிஎன் சர்வர், என்று ஆகிவிடும். அது உண்மை. இதுவரை கேபிள் நிறுவனத்துக்குத் தெரிந்தது எல்லாம் இனி விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும் என்பதும் உண்மை. 2022 ஏப்ரல் 28இல் சர்ட்-இன் என்கிற அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு போட்ட உத்தரவுப்படி, விபிஎன், விபிஎஸ் (வாடகை சர்வர்), கிளவுட் விற்பவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுத்த ஐபி ஆகியவற்றை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். இது பிடிக்காமல் எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க் மாதிரி நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. இந்திய முகவரி என்று காட்டினாலும் பெட்டி சிங்கப்பூரிலோ வேறெங்கோ இருக்கும். அதனால் மதுரையிலிருந்து சென்னை போய், கடல் கேபிளில் இறங்கி, திரும்பி வருவதற்குள் 30 முதல் 50 மில்லி நொடி கூடும். வங்கிச் செயலிகள் சில முரண்டு பிடிக்கும். இலவச விபிஎன்னைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். எல்லாவற்றையும் விட, விபிஎன்னைப் போட்டுக்கொண்டு அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் நீங்கள் யார் என்று நீங்களே சொல்லியாகிவிட்டது. பொது வைஃபைக்கு, அலுவலக நெட்வொர்க்குக்குள் போவதற்கு, விபிஎன் நல்ல கருவி. மாயக் கம்பளம் இல்லை.

இனி நம் கையில் உள்ள பெட்டி. இங்கேதான் ஒரு மணி நேரம் செலவழிப்பது வீண் போகாது.

மாற்றம் எதுவும் செய்வதற்கு முன்னால், மோடத்தின் வேன் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிபிபிஓஇ யூசர்நேம், விலான் ஐடி, இணைப்பு வகை மூன்றும் அதில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதைக் கேபிள்காரரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உள்ள ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விட்டால் இத்தனையும் அழிந்து நெட் நின்றுபோகும்; ஞாயிற்றுக்கிழமை என்றால் கேபிள்காரர் போன் எடுக்க மாட்டார்.

மோடத்தின் பக்கங்களைத் திறக்க உலாவியில் 192.168.1.1 என்று அடியுங்கள். அது திறக்காவிட்டால் போனின் வைஃபை விவரத்தில் 'கேட்வே' என்று காட்டும் எண்ணை அடியுங்கள். முதல் வேலை அட்மின் பாஸ்வேர்டு. இரண்டாவது வைஃபை பாஸ்வேர்டு. இணைப்புக் கொடுக்க வருகிற பையன் பெரும்பாலும் உங்கள் செல் நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போவான், மறக்காது என்பதற்காக. அதில் உள்ள ஆபத்தைக் கணக்காகப் பார்க்கலாம். 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. உங்கள் போன் வைஃபையில் சேரும் கணத்தில், பாஸ்வேர்டைச் சரிபார்க்கப் போனும் மோடமும் பரிமாறும் கைகுலுக்கலை வாசலில் நின்று ஒருவர் பிடித்துக்கொண்டு போனால் போதும். பிறகு வீட்டில் உட்கார்ந்து முயலலாம். நல்ல கிராபிக்ஸ் கார்டு டபிள்யூபிஏ2 என்கிற வைஃபை பூட்டில் நொடிக்குப் பத்து லட்சம் முயற்சி செய்யும். 4,000 நொடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிடத்துக்குள் 400 கோடியும் தீர்ந்துவிடும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை ஒட்டி 16 எழுத்துக்கு மேல் போட்டால் இதே கார்டு தலைகீழாக நின்றாலும் முடியாது. பாதுகாப்பு வகையில் 'டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்' அல்லது 'டபிள்யூபிஏ2/3' தேர்ந்தெடுங்கள். 'டிகேஐபி' என்கிற பழைய பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பாஸ்வேர்டு இல்லாமல் பின் எண்ணிலோ பட்டனிலோ வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ்ஸை நிறுத்துங்கள். எட்டு இலக்கப் பின் என்பதால் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் பெட்டி அதை முதல் நான்கு, அடுத்த மூன்று என்று தனித்தனியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் கணக்கு. ஆகமொத்தம் 11,000 முயற்சியில் கதை முடிந்தது. 2011இலேயே வெளிவந்த ஓட்டை இது.

'ரிமோட் மேனேஜ்மெண்ட்' அல்லது 'வேன் ஆக்ஸஸ்' என்று இருப்பதை அணையுங்கள். டிஆர்-069 என்று ஒரு பக்கம் இருக்கும். நிறுவனம் தொலைவிலிருந்தே உங்கள் பெட்டியை மாற்றுவதற்கான வாசல் அது. 2016 நவம்பரில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வீட்டு இணைப்புகள் நின்றது 7547ஆம் போர்ட்டில் இந்த வாசலைத் தட்டியதால்தான். பல பெட்டிகளில் இது சாம்பல் நிறமாகப் பூட்டியிருக்கும், மாற்ற முடியாது. மாற்ற முடிந்தாலும் அணைத்தால் நிறுவனத்தின் பழுதுநீக்கம் நின்றுபோகலாம். இது உறுத்துகிறது என்றால், கேபிள்காரரிடம் மோடத்தை 'பிரிட்ஜ் மோடில்' போடச் சொல்லி, சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கிப் பின்னால் வையுங்கள். அப்போது நிறுவனத்தின் பெட்டி வெறும் குழாய். உங்கள் வீட்டுக்குள் எந்தப் போன் எப்போது வந்தது என்பது அதற்குத் தெரியாது.

ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. சிஜிநாட்டுக்குள் இருக்கும் வரை ஐபிவி4இல் வெளியிலிருந்து யாரும் நேராக உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. கேட்காமலே கிடைத்த வேலி. ஆனால் ஐபிவி6 என்கிற புதிய வகை முகவரி இயங்கினால் வீட்டில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் கேமராவுக்கும் தனி வெளி முகவரி கிடைக்கிறது. அங்கே வேலி என்பது மோடத்தின் ஐபிவி6 ஃபயர்வால் மட்டுமே. அது 'எனேபிள்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சில மலிவுப் பெட்டிகளில் அந்தப் பக்கமே இருக்காது. அப்போது ஐபிவி6ஐ அணைத்துவிடுவது உத்தமம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லைதான், ஆனால் வேறு வழியில்லை.

கேமரா வைத்த கடைக்காரர்களுக்கு: டிவிஆரின் (கேமரா பதிவுப் பெட்டியின்) பாஸ்வேர்டை மாற்றுங்கள், சாதனங்கள் தாமாகவே வெளி வாசலைத் திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியை அணையுங்கள், டிவிஆரை 'கெஸ்ட்' நெட்வொர்க்கில் தனியாக வையுங்கள். 2016இல் மிராய் என்கிற நச்சுநிரல் உலகம் முழுக்க டிவிஆர்களைப் பிடித்தது தொழிற்சாலை பாஸ்வேர்டு பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டுதான். 2025 ஏப்ரலிலிருந்து புதிதாக விற்கும் கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம். ஏற்கெனவே சுவரில் தொங்குவதற்கு அது பொருந்தாது.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி செயலி பற்றி: எல்லாப் புதுப் போனிலும் அந்தச் செயலியை முன்கூட்டியே போட வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் வந்த உத்தரவு, எதிர்ப்பு கிளம்பி டிசம்பர் 3இல் திரும்பப் பெறப்பட்டது. கட்டாயம் போனது நல்லது. ஆனால் அதன் இணையதளம் பயனுள்ளது. செயலி இல்லாமலே ஓடிபி கொடுத்து, உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். ஒருவருக்கு ஒன்பது வரை அனுமதி. தெரியாத எண் இருந்தால் 'என் எண் இல்லை' என்று குறித்துவிடுங்கள். இணைய மோசடியில் பணம் போய்விட்டால் 1930 உதவி எண்ணுக்கு உடனே போன்.

ஆதாரில் கைரேகைப் பூட்டைப் போட்டு வைப்பது நல்லது. போலிக் கைரேகையை வைத்து வங்கிக் கணக்கில் பணம் எடுக்கும் மோசடிக்கு அதுவே நேரடி மருந்து. ஒரு சங்கடம்: பூட்டியிருந்தால் ரேஷன் கடையில் விரல் வைத்தாலும் ஏற்காது. வரிசையில் நம் முறை வரும்போது ஆதார் செயலியில் தற்காலிகமாகத் திறந்தால் பத்து நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானே பூட்டிக்கொள்ளும். வீட்டில் ரேஷனுக்குப் போவது அம்மா என்றால் அம்மாவின் போனில் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டே பூட்டுங்கள்.

2023இல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். அபராதம் 250 கோடி ரூபாய் வரை என்றாலும், அரசு அமைப்புகளுக்கு விலக்கு கொடுக்கும் கதவும் அதே சட்டத்தில் உண்டு. ஜெராக்ஸ் கடைக் கணினிக்கு அது எப்போது வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டாம். ஆதாரைக் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதாரை' இறக்கிக் கொடுங்கள். அந்தப் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும் தான், அதனால் பூட்டியிருக்கிறது என்ற நம்பிக்கை வேண்டாம். பிரிண்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு 'எல்லோருக்கும் அழி' கொடுத்தால் அரட்டையிலிருந்து போகும். கடைக் கணினியில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்கிய நகல் அங்கேயே இருக்கும். தாள் கைக்கு வந்ததும், "அண்ணே, டவுன்லோட்ஸ்லயும் ரீசைக்கிள் பின்லயும் அழிச்சிருங்க" என்று சொல்லி, அழிக்கிற வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள்.